சாங்கி விமான நிலையம்: மதுரையிலிருந்து போகிறவரின் மதிப்பீடு

விமான நிலையம் ஒன்று நன்றாக இருக்கிறதா என்பதை அதில் பழகியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பெரிய பயன் இல்லை. மாதம் தவறாமல் பறக்கிற நிறுவன அதிகாரிக்கு எந்த ஊர் விமான நிலையமும் ஓரளவு கைக்குள் அடங்கியதுதான்; வழி தெரியாவிட்டால் கேட்கத் தெரியும், கேட்க ஆள் இல்லாவிட்டால் கைபேசியில் பார்த்துக்கொள்வார். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களில் வேறொரு வகையினர் உண்டு. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போகும் தாய், மகன் குடியிருக்கும் வீட்டை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று போகும் தந்தை, கடன் வாங்கி முதல் வேலைக்குப் போகும் இளைஞர் என இவர்கள் ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், நகரும் படிக்கட்டைக் கண்டால் தயங்குகிறவர்கள், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள். இந்த மதிப்பீட்டுக்கு அவர்களே அளவுகோல். எழுபதைக் கடந்த என் அத்தையை அழைத்துப் போய்த் திரும்பியபோது பார்த்தவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் விமான நிலையமான சாங்கியின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். 1981-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் இன்று நான்கு முனையங்கள் இயங்குகின்றன. இரண்டாவது 1990-இலும், மூன்றாவது 2008-இலும், நான்காவது 2017-இலும் வந்தன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 6.77 கோடிப் பயணிகள் அதன் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். விமான நிலையங்களைத் தரவரிசைப்படுத்தும் ஸ்கைட்ராக்ஸ் அமைப்பு 2025-இல் உலகின் சிறந்த விமான நிலையம் என்ற பட்டத்தைச் சாங்கிக்குக் கொடுத்தது 13-ஆவது முறை. இந்த எண்களைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு ஒரு பயம் வருவது இயல்பு: இவ்வளவு பெரிய இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் தொலைந்துபோக மாட்டார்களா? மதுரையில் நாம் பழகியது 2010-இல் திறக்கப்பட்ட ஒரே முனையக் கட்டடம். உள்ளே நுழைந்து இடது வலது பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். திருச்சியில் 2024 ஜூன் முதல் பயன்பாட்டுக்கு வந்திருக்கும் புதிய முனையம் நம் கண்ணுக்கு மிகப் பெரியது. சாங்கி அதையும் பல மடங்கு தாண்டியது.

விமானத்திலிருந்து இறங்கியதும் கவனத்துக்கு வருவது காலடியில் இருக்கும் கம்பளம். அலங்காரத்துக்குப் போட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நீண்ட தூரம் நடக்க வேண்டிய முழங்கால்களுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதும், நூற்றுக்கணக்கான பெட்டிகளின் சக்கரங்கள் உருண்டும் கூடம் இரைச்சலாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் சற்று நேரத்தில் புரியும். நகரும் நடைபாதைகள் விட்டுவிட்டு வருகின்றன. அவற்றில் ஏற அஞ்சுகிறவருக்கு, பக்கத்திலேயே சாதாரணத் தரையிலும் அதே திசையில் நடக்க இடம் இருக்கிறது. என் அத்தை நகரும் படிக்கட்டு எதிலும் கால் வைப்பதில்லை என்று ஊரிலேயே தீர்மானித்து வந்தவர். போன வழியெல்லாம் படிக்கட்டுக்கு எட்டும் தூரத்திலேயே மின்தூக்கியும் இருந்ததால் அந்தத் தீர்மானத்தை அவர் கடைசி வரை காப்பாற்ற முடிந்தது. சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் காத்திருக்க நேரும். நான் கேட்டபோது அத்தை, “எனக்கென்ன கால் இல்லையா?” என்று மறுத்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அதே பதில் வரும் என்று தெரிந்தால், அவரிடம் கேட்காமலே பதிவு செய்துவிடுவது நல்லது.

வழிகாட்டிப் பலகைகளைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகைகளின் அமைப்பு சிறப்பானது: எழுத்து பெரியது, உயரம் சரியானது, ஒரு பலகை கண்ணிலிருந்து மறையும் முன் அடுத்தது தெரியும். பெட்டி எடுக்கும் இடத்துக்கு உரிய படத்தையும் கழிவறைக்கு உரிய படத்தையும் ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தொடர்ந்து போய்விடலாம். ஆனால் தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டுக்குப் போகிறோம், எல்லாப் பலகையிலும் தமிழ் இருக்கும் என்று நம்பிப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். தமிழ் இருக்கிறது, ஆனால் சீராக எங்கும் இல்லை. தேடிக்கொண்டு நின்றால் நேரம் போகும். பலகையில் குறைவதைப் பெருமளவு ஈடுசெய்கிறவர்கள் அங்கே பணிபுரியும் தமிழர்கள். துப்புரவுப் பணியிலும் பாதுகாப்புப் பணியிலும் உதவி மேசையிலும் தமிழ் பேசுகிறவர்களைப் பார்க்கலாம், தயங்காமல் தமிழிலேயே கேட்கலாம்.

கழிவறைகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுதப் போகிறேன். விமான நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்கிறார்கள். பயணிக்கு நாள் முழுதும் தேவைப்படுவதோ இதுதான். சாங்கியில் கழிவறைக்கு வெளிக்கதவு கிடையாது. சுவர் வளைந்து உள்ளே போகும். பெட்டியை இழுத்துக்கொண்டு, ஈரக் கையால் கைப்பிடியைத் தொடாமல் போய்வரலாம். வெளியே வரும் இடத்தில் ஒரு தொடுதிரை. அந்த நேரத்தில் அங்கே பொறுப்பில் இருக்கும் துப்புரவுப் பணியாளரின் படமும் பெயரும் அதில் இருக்கும். கீழே மலர்ந்த முகம் முதல் சுளித்த முகம் வரை ஐந்து முகங்கள். சுளித்த முகத்தைத் தொட்டால் என்ன குறை என்று படங்களுடன் கேட்கும்: தரை ஈரமா, தாள் தீர்ந்துவிட்டதா, நாற்றமா என்று. அந்தத் தகவல் உடனே மேற்பார்வையாளருக்குப் போய்ச் சேர்ந்து ஆள் அனுப்பப்படும். மொழி தெரியாதவரும் குறை சொல்ல முடிகிற ஏற்பாடு இது. நம் ஊரில் புகார்ப் புத்தகம் கேட்டால் பூட்டிய மேசைக்குள் இருக்கிறது என்பார்கள். அப்படியே கிடைத்தாலும் அதில் எழுதியதை யார் எப்போது படிப்பார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. இந்தத் திரைக்குப் பெரிய செலவு இல்லை, கட்டடத்தை இடிக்க வேண்டியதும் இல்லை. பணியாளரின் படத்தை அங்கே போடுவது சரியா என்ற கேள்வி மட்டும் எனக்கு உண்டு. வேலை செய்கிறவருக்கு அது மரியாதையாகவும் இருக்கலாம், நாள் முழுதும் தலைக்கு மேல் தொங்கும் கத்தியாகவும் இருக்கலாம்.

குடிநீர் கழிவறைகளுக்கு அருகிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. காலிப் பாட்டில் ஒன்றைக் கையில் வைத்திருந்தால் போதும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதை நம் பெரியவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். கடையில் பாட்டில் வாங்கினால் என்ன விலை என்பதை ரூபாயில் மாற்றிச் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

இமிக்ரேஷன் விஷயத்தில் புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. விசா கையில் இருந்தாலும், வருகை அட்டை எனப்படும் மின்படிவத்தைச் சிங்கப்பூரில் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். அது இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் சிக்க வேண்டாம். 2024-இலிருந்து வெளிநாட்டுப் பயணிகளும் தானியங்கி வாயில்கள் வழியாகப் போக முடிகிறது. பாஸ்போர்ட்டை வாசிப்பானில் வைத்ததும் முதல் கதவு திறக்கும். உள்ளே போய் நின்றால் கருவி முகத்தையும் கருவிழியையும் படித்துக்கொண்டு அடுத்த கதவைத் திறக்கும். முத்திரை குத்துவது கிடையாது. தங்குவதற்கான அனுமதி மின்னஞ்சலில் வரும். ஆகவே படிவத்தில் பெரியவர்களின் பெயருக்கு எதிரே, உண்மையில் திறந்து பார்க்கிற ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுங்கள். ஏஜென்டின் முகவரியைக் கொடுத்துவிட்டால், எத்தனை நாள் தங்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். வாயிலுக்குள் ஒருவர்தான் போக முடியும், கைபிடித்து அழைத்துப் போக முடியாது என்பதால் முதல் முறை போகிறவர் திகைத்து நிற்பதுண்டு. பக்கத்தில் நிற்கும் அலுவலர்கள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லியும் கருவியை நேராகப் பார்க்கச் சொல்லியும் சைகையிலேயே நடத்திவிடுகிறார்கள். அவர்கள் முகத்தில் சலிப்பு தெரியவில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

சுங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிகரெட்டுக்கு அங்கே தீர்வைச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் அறிவிக்க வேண்டும். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் தடை செய்யப்பட்டவை. இவையெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது கசகசா. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியும் குருமாவுக்கான பொட்டலமும் கட்டிக் கொடுக்கிற நம் வழக்கத்தில் அது தானாக உள்ளே போய்விடும்; அங்கே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோடு தொடர்புடைய தடைப் பொருள். நெய்யையும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். இந்த விதி மதுரையிலேயே தொடங்கிவிடுகிறது.

வெளியே வந்ததும் கண்ணில் படுவது வேறொரு வேற்றுமை. மதுரையில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வேன் பிடித்துக் குடும்பமே விமான நிலையம் இருக்கும் பெருங்குடி வரை வரும். இந்தியாவில் பாதுகாப்பு விதிப்படி பயணச்சீட்டு இல்லாதவர் பொதுவாக முனையத்துக்குள் போக முடியாது. ஆகவே வழியனுப்புதல் வாசலில் நின்றபடியே முடிந்துவிடும். உள்ளே போனவர் செக்-இன் முடித்தாரா, பெட்டி எடை கூடிப்போனதா என்பதையெல்லாம் வெளியே நிற்கிறவர்கள் கைபேசியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். சாங்கியில் இமிக்ரேஷன் வரை யார் வேண்டுமானாலும் போகலாம். மூன்றாம் முனையத்தில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, சோதனை முடித்துப் போகிறவரைக் கையசைத்து வழியனுப்பும் இடமே தனியாக இருக்கிறது. பெட்டி எடை கூடிவிட்டால் எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். உள்ளூர்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் சாப்பிட வருகின்றன. தேர்வுக் காலத்தில் மாணவர்கள் நாற்காலி பிடித்துப் படிக்கிறார்கள். கூட்டம் சேருவதை ஒழுங்குக்குப் பகையாகப் பார்க்காத இந்த அணுகுமுறையே சாங்கியில் என்னை மிகவும் கவர்ந்தது. விருதுப் பட்டியல்கள் இதை எப்படி அளக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி எல்லாரும் கேட்கிற நீர்வீழ்ச்சி. 2019 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஜுவல் என்னும் கண்ணாடிக் குவிமாடக் கட்டடத்தின் நடுவில், 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரையின் வட்டத் துளை வழியே தண்ணீர் விழுகிறது. கட்டடத்துக்குள் அமைந்த நீர்வீழ்ச்சிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். கட்டடத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. சுற்றிலும் அடுக்கடுக்காக மரங்களும் செடிகளும். இருட்டியபின் விழும் தண்ணீரில் ஒளிக்காட்சி. நீர்வீழ்ச்சியையும் அதைச் சுற்றிய மரச்சோலையையும் பார்க்கக் கட்டணம் இல்லை, மேல்தளப் பூங்காவுக்குத்தான் டிக்கெட். ஒரு முறை பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அடிப்படையில் ஒரு கடைத்தெரு. நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர் ஒவ்வொரு தளத்திலும் கடைகளைக் கடந்துதான் போகிறார், கடைகளைக் கடந்துதான் திரும்புகிறார். அத்தை சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணிய எங்கேருந்து கொண்டாராக?” என்று கேட்டார். மழைநீரையும் சேகரித்து, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி விடுகிறார்கள் என்று சொன்னதும் அவருக்கு அதில் மரியாதை கூடியது. வைகையில் தண்ணீர் வருமா வராதா என்று ஆண்டுதோறும் அணையின் மட்டத்தைக் கணக்குப் பார்க்கிற ஊர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஜுவல் இருப்பது இமிக்ரேஷனுக்கு வெளியே. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகிற இந்தியப் பயணி, சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேர இடைநிலை அனுமதி என்று ஒரு சலுகை உண்டு. அதற்கு நிபந்தனைகள் பல, முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் ஜுவலின் உள்ளேயே புகுந்து போகிறது. ரயில் இலவசம், பெட்டியின் கண்ணாடி வழியே நீர்வீழ்ச்சி சில விநாடிகள் முழுதாகத் தெரியும். இடைநிலைப் பயணிகள் இருமுறை போய்வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அது ஓடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

விமானம் மாறுவதற்காகச் சாங்கிக்குள்ளேயே காத்திருக்கிறவர்களுக்கு இருக்கும் வசதிகள்தான், என் கணக்கில், ஜுவலைவிடப் பெருமைக்குரியவை. காசு கேட்காதவை அவை. மூன்றாம் முனையத்தில் இரண்டு தளங்களுக்கு விரியும் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில், வலைக்கூரைக்கு அடியில் சிறு அருவியும் செடிகளும். தட்டுகளில் அன்னாசித் துண்டுகள் வைத்திருப்பார்கள், அவற்றின் மேல் பூச்சிகள் சிறகை விரித்தும் மூடியும் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதை முகத்தருகே பார்க்கலாம். கூட்டுப்புழுக்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. பொறுமை உள்ள குழந்தைக்கு, கூட்டை உடைத்துக்கொண்டு ஒன்று வெளியே வருவதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். வெளியே வாட்டும் சிங்கப்பூர்ப் புழுக்கம் இந்தத் தோட்டத்துக்குள்ளும் உண்டு. கம்பளிச் சட்டையோடு போக வேண்டாம். இரண்டாம் முனையத்தில் சூரியகாந்தித் தோட்டம், முதல் முனையத்தில் கள்ளித் தோட்டம், இலவசத் திரையரங்கு, சாய்ந்து படுக்கும் நாற்காலிகள், எல்லா மதத்தவருக்குமான வழிபாட்டு அறை, குழந்தைக்குப் பாலூட்டும் அறை ஆகியவையும் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இடைவெளி இருந்தால், நகரத்தைப் பேருந்தில் சுற்றிக்காட்டும் இலவசச் சுற்றுலாவில் சேரலாம். நம்மவர்களுக்கு அதற்கும் நுழைவு அனுமதி வேண்டும். குளிக்கவும், அறை எடுத்துத் தூங்கவும் கட்டணம் உண்டு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை என் பாராட்டு அளவோடுதான். கடைகள் ஏராளம், இந்திய உணவும் கிடைக்கும், ஆனால் எந்த முனையத்தில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்பது வேறுபடும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர், அதிலும் சோயாசாஸின் வாடையே ஆகாதவர், நள்ளிரவில் வந்து இறங்கினால் தேர்வு சுருங்கிப்போகும். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு அறுபது ரூபாய்க்கு மேல் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்போது தோசையின் ருசி பாதி குறைந்துவிடுகிறது. பொதுப் பகுதியில், விமான நிலைய ஊழியர்களுக்கென்று நடத்தப்படும் உணவகங்களில் மற்றவர்களும் சாப்பிடலாம், அங்கே விலை குறைவு. இதைப் பெரிய எழுத்தில் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஊழியர் யாரிடமாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். இடைநிலைப் பயணிக்கு என் யோசனை எளியது: புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடுகிறவரை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

நகருக்குள் போக எம்.ஆர்.டி. ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியிலேயே இருக்கிறது. தானா மேரா நிலையத்தில் மாறினால் கிழக்கு-மேற்குத் தடம். எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் வேறு மாற்றம் இல்லாமல் லிட்டில் இந்தியா வரை போகலாம். பெரியவர்களுக்கும் பெட்டிகளுக்கும் இந்த இரண்டாவது வழி எளிது. நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், அதன்பின் டாக்ஸிதான். அதில் மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம் சேரும்; அது ஏமாற்று அல்ல, விதிப்படி வாங்குவது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் தனித்தனியாக நடக்கிறது. இமிக்ரேஷன் முடிந்ததும் சோதனையெல்லாம் தீர்ந்தது என்று நினைத்துத் தண்ணீரை நிரப்பிக்கொள்கிற நம் பயணி, கேட்டுக்கு வந்ததும் அதைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சோதனை முடித்து உள்ளே போய்விட்டால் அது அடைத்த அறை. பல அறைகளில் கழிவறை இல்லை, வேண்டுமென்றால் வெளியே போய் மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் நிறைந்த ஒரு விமானத்தின் பயணிகளை அப்படி உட்கார வைப்பது, மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு நுணுக்கமாக யோசித்த நிலையத்துக்குப் பொருந்தவில்லை. நான்காம் முனையத்தில் சோதனை ஒரே இடத்தில் முடிந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த முனையம் தனியே ஒதுங்கி நிற்கிறது. ஸ்கைடிரெயின் அங்கே போவதில்லை, பேருந்தில்தான் போக வேண்டும். விமானம் மாறுகிறவர் இதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்க்காமல் டாக்ஸி ஏறுவது சாங்கியில் வீண்செலவு. ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடிப் பயணிகளுக்கான அந்த முனையம் 2030-களின் நடுவில் திறக்கும்போது தூரங்கள் இன்னும் கூடும்.

திரும்பும் பயணத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியவற்றுக்கு, சுற்றுலாப் பயணி கட்டிய 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும், விமான நிலையத்தில் தானியங்கி இயந்திரத்தில் கோர வேண்டும். பொருளைச் சரிபார்க்கக் கேட்கக்கூடும் என்பதால், பெரிய பெட்டியைச் செக்-இன்னில் போடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். இரண்டாவது, பாஸ்போர்ட் காட்டாமல் வெளியேறுவது. வரும்போது பதிவான முகத்தையும் கருவிழியையும் வைத்தே, போகும்போது பாஸ்போர்ட்டை எடுக்காமல் வாயிலைக் கடந்துவிடலாம். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “ஏப்பா, பாஸ்போர்ட்ட ஒருத்தரும் வாங்கிப் பாக்கலையே, ஊர்ல எறங்குறப்ப உள்ள விடுவாகளா?” என்று கேட் வரை கேட்டுக்கொண்டே வந்தார். விடுவார்கள். ஆனால் விமான நிறுவனத்துக்கும் நம் ஊர் இமிக்ரேஷனுக்கும் பாஸ்போர்ட் வேண்டும் என்பதால் அதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மதுரைக்கு என்ன வழி என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். ஓடுதளத்தை நீட்டுவதும், சர்வதேச விமான நிலையம் என்ற அறிவிப்பும் நெடுநாள் கோரிக்கைகளாக இருந்துவந்தவை. அவை நிலமும் நிதியும் டெல்லியின் முடிவும் சார்ந்தவை. 2012-இல் கொழும்பு விமானத்தோடு தொடங்கிய வெளிநாட்டுச் சேவை சிங்கப்பூர், துபாய் என்று வளர்ந்து, 2024 அக்டோபர் முதல் நிலையம் 24 மணி நேரமும் இயங்குவதே அந்த வரிசையில் கிடைத்த நல்ல பலன். நீர்வீழ்ச்சியை யாரும் கேட்கவில்லை. கழிவறை வாசலில் ஐந்து முகங்கள் கொண்ட திரை, சோதனைக்குப் பிறகும் கிடைக்கும் குடிநீர், தமிழிலும் பெரிய எழுத்திலும் படத்தோடும் வைத்த பலகைகள், வழியனுப்ப வந்தவர்கள் நிற்காமல் உட்கார வெளியே நிழலும் பெஞ்சுகளும் மின்விசிறியும் ஆகியவை ஓடுதளம் நீளும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள்.

மதுரையிலிருந்து நேரடி விமானம் கிடைக்கும் நாளாக இருந்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் பெரியவர்களை அதிலேயே அனுப்புங்கள். திருச்சி வழியாகப் போனால் விமானங்கள் அதிகம், புதிய முனையமும் வசதியானது. ஆனால் அகாலத்தில் 130 கிலோமீட்டர் காரில் போய்விட்டு விமானம் ஏறுகிறவருக்குச் சாங்கியின் கம்பளம் அவ்வளவு மெத்தென்று தெரியாது.